குபேரன் நகரின் கன்னி மூலை

குபேரன் நகரில் இருக்கிற நாற்பத்திரண்டு வீடுகளில் முப்பது வீட்டுக்காவது ஜெயம்மாள் மண் சுமந்திருப்பாள். எந்த வீட்டு அஸ்திவாரம் எத்தனை அடி, எந்த வீட்டு மொட்டை மாடி ஒழுகும், யார் வீட்டில் கம்பியைக் குறைத்துவிட்டுக் காங்கிரீட் போட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரிந்து என்ன ஆகப் போகிறது? சித்தாளிடம் வந்து யோசனை கேட்கிற வழக்கம் அந்த நகரில் கிடையாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அந்த நகர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நெல் விளைந்த பூமி. நடுவில் ஒரு வடிகால் வாய்க்கால் ஓடியது. அதைத் தூர்த்து மனை பிரித்தவர்கள் குபேரன் என்று பெயர் வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். பெயர் மாறிய விஷயம் தண்ணீருக்குத் தெரியாது. அது பழைய தடத்திலேயே வந்துகொண்டிருந்தது. ரோடெல்லாம் சிமெண்ட், வாசலெல்லாம் டைல்ஸ். தென்கோடியில் பூங்காவுக்கு விட்ட காலியிடம் தவிர, இறங்குவதற்கு ஒரு சாண் மண் வெளியே தெரியாது. ஆகவே வடக்கு மேட்டில் விழுகிற மழையில் பெரும்பகுதி ரோட்டோடு தெற்கே ஓடி, நகருக்குக் கீழே இருக்கும் பதினெட்டு ஓட்டு வீடுகளுக்குள் போய்த்தான் நிற்கும். அதற்குக் கீழவரிசை என்று பெயர். நகர் பிறப்பதற்கு முன்பே பிறந்த வரிசை. அதில் முதல் வீடு ஜெயம்மாளுடையது.

அவள் பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில். அங்கே எவ்வளவு பெய்தாலும் ஓடைக்குள்தான் தண்ணீர் போகும். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதையே இருசப்பனுக்குக் கழுத்தை நீட்டி இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள். இருசப்பன் நல்ல மனுஷன். மரவள்ளிக் கிழங்கு வெட்டுகிற காலத்தில் லாரியோடு கரியாலூர் மலைக்கு ஏறினால் வாரம் பத்து நாள் வரமாட்டான். வீட்டு விவகாரம், வெளி விவகாரம் எல்லாம் இவள் தலையில்தான். இருபத்தைந்து வருஷமாக அந்தத் தலையில் இரும்புச் சட்டியும் இருக்கிறது. சட்டியோடு நடப்பவளுக்கு அரையடிச் சரிவுகூட முழங்காலில் தெரிந்துவிடும். குபேரன் நகரின் மேடு பள்ளம் அவள் காலுக்கு மனப்பாடம்.

போன ஆவணியில் மகள் தேவதர்ஷினிக்கு வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சின்னசேலத்துச் சம்பந்தி ராஜாம்பாள் சபையில் எல்லோரும் கேட்கும்படி ஒரு நிபந்தனை போட்டாள்.

"போன வருசம் ஒங்க வூட்டுல முட்டி வரைக்கும் தண்ணி நின்னுச்சாமே. பச்ச ஒடம்புக்காரிய அதுல எங்க படுக்க வெப்பீங்க? அனுப்புறேன். ஆனா இந்த வருசமும் தண்ணி பூந்துச்சின்னா, அன்னிக்கே வந்து பொண்ண இட்டுக்கினு போயிடுவேன், சொல்லிட்டேன்."

ஜெயம்மாள் சிரித்து மழுப்பினாள். உள்ளே சுருக்கென்று தைத்தது. பெற்ற மகளின் முதல் பிரசவத்தைப் பார்க்க லாயக்கில்லாத வீடு என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, சொன்னது உண்மை. பின்சுவர் போன மழையில் ஊறி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து இறங்கியது. மழைநீர் மேலாண்மை, பசுமைக் கட்டமைப்பு, சமூகப் பங்கேற்பு என்று பேனரில் என்னென்னவோ போட்டிருந்தது. குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் ராஜாங்கம் வீட்டு போர்டிகோவில் கூட்டம். ராஜாங்கம் உரக்கடை வைத்து நாலு காசு பார்த்தவர். நகரிலேயே உயரமான மனை அவருடையது. சமூகம் பங்கேற்றது. அதாவது, கீழவரிசையைத் தவிர்த்த சமூகம் முந்திரி பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டது. ஜெயம்மாள் அங்கே இருந்தாள், டம்ளர் கழுவ.

நிறுவனத்தின் இன்ஜினியர் ஆகாஷ் பிழைக்கத் தெரியாத ஆள், வேலை தெரிந்த ஆள். மூன்று நாள் வெயிலில் கருவி வைத்து மட்டம் பார்த்தான். கீழவரிசையை ஒட்டிப் பூங்காவுக்கென்று விட்டிருந்த காலியிடத்தின் தென்மேற்கு மூலைதான் தாழ்வு, அங்கே தட்டு மாதிரி அகலமாகப் பள்ளம் வெட்ட வேண்டும், அடியில் ஜல்லி, மேலே மணல், அதில் வெட்டிவேரும் கல்வாழையும் வைத்தால் ரோட்டுத் தண்ணீர் அதில் தேங்கி இரண்டே நாளில் பூமிக்குள் இறங்கிவிடும், மழைத்தோட்டம் என்று இதற்குப் பெயர் என்றான். பள்ளம் வெட்ட வேண்டிய இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடும் போட்டான்.

"இதத்தான் சார் என் காலு பதினஞ்சி வருசமா சொல்லிக்கினு இருக்குது" என்றாள் ஜெயம்மாள். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ராஜாங்கம் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, இது கன்னி மூல. கன்னி மூலையில குழி வெட்னா குடும்பத் தலைவனுக்கு ஆவாது. தண்ணின்னா அது ஈசானியத்துலதான் இருக்கணும். வடகிழக்குல வெட்டுங்க."

"சார், வடகிழக்குதான் இங்க இருக்கறதுலயே மேடு. தண்ணி மேட்டுக்கு ஏறாதே."

"வாஸ்து சரியா இருந்தா எல்லாம் தன்னால வரும்."

நாற்பத்திரண்டு வீட்டில் பட்டதாரி இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தாரா? எதற்கு வம்பு என்று டீயை ஊதி ஊதிக் குடித்தார். ராஜாங்கம் சங்கத்துக்குத் தலைவரான நாளிலிருந்து மொத்த நகருக்கும் தாமே குடும்பத் தலைவர் என்று நம்பிக்கொண்டிருந்ததால், மூலையில் வெட்டுகிற ஒவ்வொரு வெட்டும் தம் கழுத்தில்தான் விழும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆகாஷ் தன் மேலதிகாரிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். பள்ளம் எங்கே இருந்தாலும் பள்ளம்தான், வெட்டிப் படம் எடுத்து அனுப்பு என்று அங்கே சொல்லியிருப்பார்கள்.

வெட்டினார்கள், மேட்டில். அதோடு விட்டிருந்தாலும் போகிறது. தெற்கும் மேற்கும் உயர்ந்து, கனமாக இருப்பது விசேஷம் என்று ராஜாங்கம், வெட்டிய மண்ணையெல்லாம் கொண்டுபோய் பூங்காவின் மேற்கு ஓரத்திலும் தெற்கு ஓரத்திலும் இடுப்புயரத்துக்குக் கரையாகக் கொட்டச் சொன்னார். சுமந்தது யார்? ஜெயம்மாள்தான். முதல் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, மேக்கால கரை போட்டீங்கன்னா ரோட்டுத் தண்ணி பார்க்குக்குள்ள பூராதுங்க. நேரா எங்க வூட்டுக்குத்தான் வரும். இதுவரைக்கும் கொஞ்சமாவது இங்க நின்னுச்சி."

"ஒன்ன மண்ணு தூக்கக் கூப்ட்டனா, இன்ஜினியர் வேலைக்கு கூப்ட்டனா?" என்றார் ராஜாங்கம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் தூக்கினாள். மூன்று நாளும் தூக்கினாள். வேண்டாம் என்று சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கலாம். பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறது, கையில் வேலையில்லாமல் இருந்தால் கட்டுப்படியாகாது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, தன் வீட்டை மூழ்கடிக்கப் போகிற மண்ணைத் தானே சுமந்து, தானே மிதித்து இறுக்கினாள். அந்த மூன்று நாளில் அவளுக்கு ராஜாங்கத்தின் மேல் இருந்த வெறுப்பைவிடத் தன் மேல் இருந்த வெறுப்பு ஜாஸ்தி.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். மழை இல்லை. வெறும் பள்ளத்தைப் படம் எடுத்தால் எடுபடாது என்று, மழைநீரைச் சேமிக்க வெட்டிய குழியில் டேங்கர் லாரியை வரவழைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். ராஜாங்கம் அதில் பூ தூவினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆகாஷ் மட்டும் கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கார்த்திகையில் புயல் வந்தது. முதல் நாள் முழுக்கப் பெய்து, மறுநாள் காலையிலும் விடவில்லை. இருசப்பன் மலையில் மாட்டிக்கொண்டான். கரியாலூர் வழியில் மரம் விழுந்து லாரி இறங்க முடியவில்லை. பத்து மணிக்கு ரோட்டுத் தண்ணீர் கரையோரமாகவே சீறிக்கொண்டு வந்து, ஜெயம்மாள் வீட்டு வாசற்படியை நக்கியது. உள்ளே கட்டிலில் நிறைமாத வயிற்றோடு தேவதர்ஷினி. தலைமாட்டில் போன் அடித்தது. எடுத்தால் சம்பந்தி.

"தண்ணி வந்துச்சா?" என்றாள் ராஜாம்பாள், வேறு க்ஷேமம் எதுவும் கேட்காமல்.

"இல்லீங்க அத்த" என்றாள் மகள். சொல்லும்போதே தண்ணீர் படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அந்த அழுகையைக் கேட்டதும் ஜெயம்மாளுக்குள் இருந்த பயமெல்லாம் கழன்று போய்விட்டது. மம்மட்டியை எடுத்தாள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனாள். எந்த இடத்தில் மண்ணை இறுக்கமாக மிதித்தோம், எந்த இடத்தில் சும்மா கொட்டிவிட்டு வந்தோம் என்பது அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? இளகிய இடமாகப் பார்த்து வெட்டினாள். தெற்குக் கரையைத் தொடவில்லை. அது தன் வீட்டுக்குக் காவலாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பால்கனிகளில் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க ஆள் கூடிவிட்டது. இறங்கி வந்து ஒரு கை கொடுக்கத்தான் ஒருவருமில்லை. ராஜாங்கம் மட்டும் குடையோடு ஓடி வந்தார்.

"ஏய் ஜெயா! இன்னா பண்ற நீ? கன்னி மூலையில கை வெக்காத! நான் செத்துப்புடுவேன்!"

"நீங்க சாவ மாட்டீங்க. எம் பொண்ணு கீற வூடுதான் முழுவுது" என்றாள் அவள், நிமிராமல்.

இரண்டு முழம் வெட்டியதும் மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. கரையைப் பிடுங்கிக்கொண்டு பூங்காவுக்குள் பாய்ந்து, தென்மேற்கு மூலையில் போய் நிறைந்தது. தெற்குக் கரை அசையாமல் தாங்கியது. ஆகாஷ் கருவி வைத்துக் கண்ட பள்ளமும், ராஜாங்கம் பயந்துபோய் எழுப்பிய கரையும் சேர்ந்து, யாரும் திட்டம் போடாத ஒரு குட்டை உருவாகிவிட்டது. வீட்டுக்குள் வந்த தண்ணீர் கணுக்காலோடு நின்று, சம்பந்தி காதுக்கு எட்டாமலே மத்தியானத்துக்குள் வடிந்தது. பின்சுவர் தப்பித்தது. ஜெயம்மாள் ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வடகிழக்கு மேட்டுக் குழியில் அன்றைக்கு இருந்தது, வானத்திலிருந்து நேராக அதற்குள் விழுந்த தண்ணீர் மட்டும்தான்.

நாலாவது நாள் ராஜாங்கம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வாஸ்துவுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கையில் மாவுக்கட்டோடு கீழவரிசைக்கே வந்துவிட்டார். குட்டையை உடனே தூர்க்க வேண்டும், ஆள் வேண்டும் என்றார். பதினெட்டு வீட்டிலும் ஒரு ஆள் மம்மட்டியைத் தொடவில்லை. குபேரன் நகரிலோ மம்மட்டி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. மனுஷன் நடுத்தெருவில் நின்று தவித்தார்.

ஜெயம்மாள் பொறுமையாகப் பக்கத்தில் வந்தாள். மூன்று நாள் மண் சுமக்கும்போது அவர் ஓதிய சாஸ்திரத்தையெல்லாம் அவள் காது வாங்கி வைத்திருந்தது.

"ஐயா, ஒங்க நகருக்குத்தான் அது கன்னி மூல. எங்க வரிசை அந்த மூலைக்கு தெக்கால ஆரம்பிச்சி மேக்காலயே போவுது, அங்க நின்னு பாருங்க. எங்களுக்கு அது ஈசானியம். அந்த மூலைய எங்க பக்கம் தள்ளி வேலி போட்டுட்டா, குழி எங்க எடத்துல போயிடும். ஒங்களுக்கு தோஷமே இல்லீங்க."

ராஜாங்கம் வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மாவுக்கட்டுக் கை தானாகக் கும்பிடப் போனது. மறு வாரமே சங்கத்தில் தீர்மானம் போட்டு, கையெழுத்துப் போட்டு, கல் தூண் வந்து இறங்கியது. கால்படி மண் கேட்டாலும் கொடுக்காத ஜனங்கள், இரண்டு சென்ட் இடத்தை எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்று தள்ளினார்கள். தூணுக்குக் குழி தோண்ட ஜெயம்மாளே போனாள். அந்த நகருக்கு அவள் முகம் சுளிக்காமல் செய்த ஒரே வேலை அதுதான்.

"இங்க நடவாங்க?" என்று ஒரு இடத்தில் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "அன்னிக்கு தண்ணி இன்னும் பன்னெண்டு அடி தள்ளி அதுவரைக்கும் நின்னுச்சிங்க. அப்ப அதுவும் கன்னி மூலையில சேர்த்திதானங்க?"

"தள்ளி நடு, தள்ளி நடு!" என்றார் ராஜாங்கம் அவசரமாக.

தள்ளி நட்டாள். அங்கே போய், இங்கேயும் ஈரம் தெரிகிறதே என்றாள். இன்னும் ஆறடி தள்ளினார்கள். இரண்டு சென்ட் மூன்றாகிவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு ஆகாஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறி வந்தான். பேனரும் இல்லை, கேமராவும் இல்லை. வெட்டிவேர்க் கட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கீழவரிசைப் பெண்களோடு சேர்ந்து நட்டுவிட்டு, ஜெயம்மாள் வீட்டில் கூழ் குடித்துவிட்டுப் போனான்.

மார்கழியில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் நல்ல மழை. ராஜாம்பாள் அன்றைக்கென்று சின்னசேலத்திலிருந்து வந்திருந்தாள், சோதிக்கத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க நடந்தாள். பின்சுவரைத் தட்டினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். ஈரம் கிடைக்கவில்லை. தூளியில் தூங்குகிற பேத்தியை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக, ரோட்டுத் தண்ணீர் கலங்கலாகத் திரும்பிக் குட்டைக்குள் இறங்குவதைக் கவனித்தாள்.

"எடம் யாரு குடுத்தாங்க, மேல கீறவங்களா?" என்று கேட்டாள். "பரவால்லையே, நல்ல மனசுக்காரங்கதான்."

"மனசு எங்க வந்துச்சி, சம்பந்தி?" என்றாள் ஜெயம்மாள், தூளியை ஆட்டிக்கொண்டே. "பதினஞ்சி வருசம் எங்க வூடு முழுவுறத மாடியில நின்னு பாத்தாங்க, ஒருத்தனும் அசையல. தன் உசுருக்கு ஆவாதுன்னு தெரிஞ்சதும் ஒரே வாரத்துல வேலி போட்டாங்க."