பிலோமினா அக்கா திருப்பி அனுப்பிய மூட்டைகள்

பொத்தேரியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அச்சரப்பாக்கத்திலிருந்து அக்காவின் தம்பி அந்தோணி சாவுச் செய்தி சொல்லப் போனில் கூப்பிட்டார். "அண்ணாத்த, அக்கா காலையில பூட்டாங்க" என்றார். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். எதிர்த்திசையில் போகிறேன் என்பது கூடுவாஞ்சேரி வந்த பிறகுதான் உறைத்தது.

இந்தப் பக்கத்து விவசாயிகளான உங்களுக்குப் பிலோமினா அக்காவைத் தெரியும். உங்களில் பலருடைய வேர்க்கடலை மூட்டைகளைத் திருப்பி அனுப்பியவர் அவர். தொண்ணூறுகளில் நாங்கள் ஒரே ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்தோம். அவர் கொள்முதல் செய்வார், நான் கப்பலுக்கு அனுப்புவேன். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் கடலை பிடுங்கிய கூலிகள். அதே நிலத்துக்காரர்கள் பிறகு அக்காவின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். அதற்காக அவர் பெருமைப்பட்டதில்லை. அந்த மேசையில் அவர் உட்கார்ந்ததும் குறைவு. எந்நேரமும் களத்துக்கும் கிடங்குக்குமாக நடந்துகொண்டிருப்பார்.

நம் பக்கத்தில் மார்கழியில் விதைத்த கடலையைப் பங்குனி வெயிலில் பிடுங்கிக் காயவைப்பார்கள். அந்த வெயிலை நம்பித்தான் வெளிநாட்டு வியாபாரமே நடந்தது. ஒரு வருடம், பிடுங்கிப் போட்ட செடி நிலத்தில் கிடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வருடமும் அப்படியே. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் கொட்டைக்குள் நஞ்சு ஏறும், வெளியே தெரியாது.

"மழ பேஞ்சதுக்கு நான் இன்னா பண்ணுவேன் பிலோமினா? நீ என்னிய புடிச்சிகினு கீற" என்றார் ஒரு விவசாயி.

"வாங்குறவன் நம்ம வானத்த பாக்க மாட்டான் நைனா. கொட்டைய ஒடச்சிதான் பாப்பான்" என்றார் அக்கா.

அவர் ஒதுக்கிவைத்த மூட்டைகளையும் முதலாளி நல்லதோடு கலந்து அனுப்பச் சொன்னார். அக்கா சண்டை போட்டும் சரக்கு போய்விட்டது. வாங்கிய நாட்டுத் துறைமுகத்தில் சோதித்துவிட்டு, முழுவதையும் திருப்பிவிட்டார்கள்.

சரக்கை வாங்கிய வெளிநாட்டு வியாபாரி நேரில் வந்தார். மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். கப்பலில் ஈரம் பட்டிருக்கும் என்று முதலாளி சொன்னார். நான் மொழிபெயர்க்க வாயெடுக்குமுன் அக்கா எழுந்துவிட்டார். "கப்பல் மேல பழி போடாதீங்க. மழ எங்க களத்துலயே பேஞ்சிது. இனிமேலும் பேயும். அத சமாளிக்க எங்களுக்கு ஒரு பருவம் குடுங்க. அப்படியே சொல்லுங்க தம்பி" என்றார். அப்படியே சொன்னேன். வந்தவர் சரி என்றார். முதலாளி அன்றிலிருந்து அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பருவம் முழுக்க அக்கா தூங்கினாரா என்று தெரியாது. செடியைக் கவிழ்த்து, காய் மேலே இருக்க அடுக்கச் சொன்னார். வீடு வீடாகப் போய்த் தார்ப்பாய் திரட்டினார். திருமண மண்டபத்தைக்கூடக் கடலை உலர்த்தக் கேட்டு வாங்கினார். சரக்கு சோதனையில் தேறியது. நாங்கள் சிரித்தோம். ஆனாலும் அந்த வியாபாரி மறுவருடம் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அங்கே அறுவடைக் காலத்தில் மழை இல்லை, உலர்த்தும் இயந்திரமும் இருந்தது. எங்கள் கடலையில் குறை சொல்லவில்லை; எங்கள் வானத்தை நம்ப முடியவில்லை என்றார். கொஞ்ச நாளில் நிறுவனம் மூடப்பட்டது. கிடங்கு இருந்த இடம் மனைகளாயிற்று.

நான் வேறு வேலை தேடிக்கொண்டேன். அக்கா தேடவில்லை. விவசாயிகளைச் சேர்த்துப் பொதுவில் ஓர் உலர்த்தும் கொட்டகை போடவைத்தார். கப்பல் ஏறாத அந்தக் கடலை மிட்டாய்க்காரர்களிடமும் விதைக்கடைகளிடமும் போயிற்று. இன்றும் போகிறது. "கப்பல் போச்சுன்னா கடலையும் போவணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். முன்னதாகவே விளையும் ரகத்தைப் போட்டால் மழைக்கு முந்திவிடலாமா என்று, மூச்சு வாங்க வாங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சும்மா படுங்கக்கா" என்றேன். "நான் சும்மா படுத்தா மழ சும்மா இருக்குமா?" என்றார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அந்தோணி கேட்டார், அக்கா ஞாபகமாக ஏதாவது வேண்டுமா என்று. நான் எதையும் எடுத்துவரவில்லை. கோடையில் திடீரென்று மழை வந்தால் ஊரெல்லாம் குளிர்ந்துபோய் நிற்கிறது. நான் மட்டும் யார் களத்தில் என்ன நனைகிறதோ என்று வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது இந்த நிம்மதியின்மைதான். இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.