மூடிய பூங்காவில் இரண்டு பேர்

பக்கத்து கேரவனுக்கு வந்த நார்மன் பின்ச்பெக்கை மேவிஸுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. தொலைநோக்கியும் கையுமாக நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஆளை யாருக்குத்தான் பிடிக்கும்? கடற்பறவை பார்க்கிறானாம். பறவை கடல் பக்கம் இருக்க, இவன் தலை எதற்கு அடிக்கடி இவள் வாசல் பக்கம் திரும்புகிறது?

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. சக்கர வீடுகள் நிறுத்தும் அந்த லிங்கன்ஷர் கடற்கரைப் பூங்காவில் கேரவன் வைத்திருப்பவர்கள் விடுமுறைக்கு வந்து போகலாம், குடியிருக்கக் கூடாது. ஜனவரி, பிப்ரவரியில் எட்டு வாரம் தண்ணீரை நிறுத்திக் கதவைப் பூட்டிவிடுவார்கள். மேவிஸுக்கோ வேறு வீடே கிடையாது. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள், கணவன் போன பிறகு நாட்டிங்காம் வீட்டை விற்று மகனைக் கரையேற்றினாள். மிச்சத்தில் வாங்கியது இந்தத் தகரப் பெட்டி. பூங்கா அலுவலகத்தில் தன் வீடு என்று கொடுத்திருப்பது மகனின் முகவரி. அங்கே அவளுக்குப் படுக்க ஒரு சோபாகூடக் கிடையாது.

ஆகவே ஊரை ஏமாற்ற ஒரு நாடகம் போட்டாள். ஞாயிறு மதியம் காலிப் பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் டாட்டா காட்டிவிட்டு பஸ் ஏறுவாள். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, மணல்மேட்டு வழியாக நடந்து, வேலி இடுக்கில் நுழைந்து திரும்பிவிடுவாள்.

"கிளம்பிட்டீங்களா மேவிஸ்? பெட்டிய நான் தூக்கி விடட்டுமா?" என்பான் நார்மன்.

"வேணாம். உங்க பறவை பறந்துடப் போகுது, அதப் பாருங்க."

பெட்டி காலியா என்று பார்க்கத்தான் கேட்கிறான், களவாணி.

அந்தக் குளிர்காலத்திலும் பூட்டிய பூங்காவுக்குள்ளேயே இருந்தாள். கடற்கரைப் பொதுக் கழிப்பறையிலிருந்து கேனில் தண்ணீர், போர்வைக்குள் வெந்நீர்ப் பை, எந்நேரமும் மூடிய திரை. ஒரு வியாழக்கிழமை காலை பனி கொட்டிக் கிடந்தது. திரையை விரலளவு விலக்கினாள். நார்மனின் படியிலிருந்து வேலி வரை புதுக் காலடித் தடம்! சற்று நேரத்தில் ஆளே வந்தான், தோளில் கேஸ் சிலிண்டரோடு.

ஓகோ, இவனும் நம்மைப் போலத்தானா? ஒரு நொடி நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநொடியே, யார் முந்திப் போட்டுக் கொடுக்கிறார்களோ அவர்கள் தப்பித்தார்கள் என்று தோன்றிவிட்டது.

மார்ச்சில் பூங்கா திறந்தது. ஒரு நாள் காலை நார்மன் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தான். மேலாளர் ஹேலி வாசல் வரை வந்து, மேவிஸின் கேரவனைக் கைகாட்டி ஏதோ கேட்டாள். அவன் சிரித்தான். முந்திக்கொண்டானோ? அவன் தலை மறைந்ததும் மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"கண்ணு, உன் நல்லதுக்குச் சொல்றேன். அந்த நார்மன் இங்கயேதான் குடியிருக்கான். பூட்டியிருந்தப்பவும் இருந்தான்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பனி கொட்டுச்சே, அன்னிக்குக் காலையில அவன் படியில இருந்து வேலி வரைக்கும் காலடி. சிலிண்டரத் தூக்கிட்டு வந்தான்."

அவள் சொன்னதைத் தாளில் எழுதிக்கொண்டிருந்த ஹேலியின் பேனா நின்றது.

"அந்தப் பனி மதியத்துக்குள்ள கரைஞ்சிடுச்சே மேவிஸ். நீங்க எங்க இருந்து பாத்தீங்க?"

தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டது மேவிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹேலி பொல்லாதவள் அல்ல. அவளுக்கே முகம் வாடிவிட்டது. "எனக்கு உங்க மேலதான் சந்தேகம். அதான் இப்ப நார்மனக் கூப்பிட்டுக் கேட்டேன். 'அந்தம்மா குளிர்காலம் பூரா மகன் வீட்ல, அங்க இருந்து எனக்குக் கார்டுகூட போட்டாங்க'ன்னு அடிச்சுச் சொன்னார். நம்பிட்டேன்."

மேவிஸ் அவனுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை.

"அந்தத் தாளக் கிழிச்சிடு கண்ணு."

"தெரிஞ்சும் விட்டா என் வேலை போயிடும்." மேவிஸுக்கும் நார்மனுக்குமாக அச்சு இயந்திரத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. நான்கு வாரத்தில் காலி செய்ய வேண்டும். "பக்கத்து கேரவன்தானே, அவரோடதையும் நீங்களே குடுத்துடுங்க."

உடம்பெல்லாம் கூச, நார்மனின் கதவைத் தட்டினாள்.

"வாங்க வாங்க! இப்பதான் அந்தப் பொண்ணச் சமாளிச்சுட்டு வந்தேன். இனி உங்களுக்கு ஒரு பயமும் வேணாம், மேவிஸ்."

மேவிஸ் அவனுடைய உறையை நீட்டினாள். "நான்தான் சொன்னேன்" என்றாள்.