மரத்தடியில் நிற்கவிடாத சூசை

சூசை இறந்துவிட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் ஓடைப்பட்டித் தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றிருந்தேன். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சை அடைக்கிறது என்று சாய்ந்திருக்கிறார். தேனிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இருபது வருடப் பழக்கம். அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது பயம். காற்றுத் தடுப்புக்காகப் பந்தலுக்கு மேற்கே வரிசையாக வைத்த தைலமரங்களை நிமிர்ந்து பார்த்தேன். இனி இவற்றை யார் வந்து பார்ப்பார்கள்? ஒரு நல்ல மனிதர் போன நேரத்தில் இப்படி நினைத்ததற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அவரை அறிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ராயப்பன்பட்டிக்காரர். ஒரு நாற்றுப்பண்ணையில் தைலமரக் கன்று வளர்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். அதை விட்ட பிறகு, இந்தப் பக்கத்தில் யார் தோட்டத்தில் தைலமரம் வாடினாலும் அவருக்குத்தான் போன் போகும். வந்தால் மொபெட்டைத் தள்ளியே நிறுத்துவார். தூரத்திலிருந்தே ஒரு சுற்று சுற்றி, வேரடியையும் உச்சியையும் பார்த்த பிறகுதான் கிட்டே போவார். நம்மையும் மரத்தடியில் நிற்க விடமாட்டார். "மாடு முட்ட வந்தா தலைய ஆட்டும்ணே. இது ஒன்னும் சொல்லாது" என்பார்.

ஒருமுறை நான் வாங்கி வைத்த கன்றுகளில் இலைக்காம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிவிட்டது. திராட்சைக்கு அடிக்கும் மருந்தையே அதற்கும் அடித்தேன். எங்கள் ஊரில் எதற்கு என்ன வந்தாலும் கை முதலில் அந்த மருந்துக்குத்தான் போகும். சூசை ஒரு முடிச்சைக் கீறி உள்ளே இருந்த வெள்ளைப் புழுவைக் காட்டினார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி இலைக்குள் வைத்த முட்டையிலிருந்து வந்தது. "மருந்து வெளிய நிக்குது, இது உள்ள உக்காந்து சாப்பிடுது" என்றார். கெட்ட கன்றுகளைப் பிடுங்கி எரிக்க வைத்தார். அதோடு விடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்குப் பரவிவிட்டதா என்று ஒரு வாரம் தினமும் போன் செய்து என் பிராணனை வாங்கினார்.

நான் சொல்ல வந்தது வேறு. என் தைலமர வரிசையின் கடைசி மரத்தை ஒட்டி ஒரு புற்று. என் மனைவி பேச்சியம்மாளும் தெருப் பெண்களும் வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் தூவி, பால் ஊற்றி, முட்டை வைத்துக் கும்பிடுவார்கள். மற்ற மரங்களில் கரையான் மண் ஏறினால் தட்டிவிட்டு மருந்து ஊற்றுவேன். நாகம் குடியிருக்கும் இடம் என்பதால் அந்த மரத்தை மட்டும் தொட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில் சூசை அரிவாளின் பின்புறத்தால் அதைத் தட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"உள்ள ஒன்னுமே இல்லண்ணே. பழைய கிளை வெட்டுன காயத்துல தண்ணி எறங்கி உளுத்திருக்கு. அதுக்குள்ள கரையானும் ஏறிருச்சு. ஆடிக் காத்துக்கு நிக்காது."

"வெட்டிருவமா?"

"வீட்ல நீங்கதான் சொல்லணும். நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன். வாயத் தெறந்தா சாமிய எடுக்கச் சொல்றான்னு ஆகிப்போகும்."

நான் சொல்லவில்லை. பேச்சியம்மாளுக்குச் சாமியிடம் பயம். எனக்குப் பேச்சியம்மாளிடம் பயம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

சூசை வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வர ஆரம்பித்தார். பெண்கள் கும்பிட்டு முடிக்கும்வரை மரத்தை ஒட்டி நின்று உச்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். மரம் விழுந்தால் அவர் மேலும்தான் விழும். நம்ம சாமி மேல இவருக்கும் பக்தி வந்துருச்சு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆனி கடைசியில் காற்று எடுத்தது. அந்த வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் குனிந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது மரத்துக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. சூசை அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். "மதினி, ஓடுங்க. எல்லாரும் தள்ளிப் போங்க." மரம் விழவில்லை. அவள் கோபமாகத் திரும்பியபோதுதான் அவர் வாய் திறந்தார்.

"புத்துல யாரும் கை வைக்க வேணாம் மதினி. மேல இருந்து கயிறு கட்டித் துண்டு துண்டா எறக்கிருவோம். அடிய அப்பிடியே விட்ருவோம். சாமி இருக்கட்டும், ஒங்க தலைக்கு மேல இருக்கிறதத்தான் எடுக்கச் சொல்றேன்."

மறுநாள் காற்று தணிந்ததும் அப்படியே இறக்கினோம். இறக்கிய பெரிய துண்டுக்குள் பேச்சியம்மாள் கையை விட்டுப் பார்த்தாள். தோள்வரை போனது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "எப்ப இருந்து தெரியும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன். "நேத்துத்தான் மதினி தெரிஞ்சது" என்றார் சூசை. அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

அடக்கத்தன்று நல்ல வெயில். ஜெபம் நடக்கும்போது கூட்டம் நிழலுக்காகக் கல்லறைத் தோட்டத்துத் தைலமரத்தடியில் ஒதுங்கியது. மரத்தைப் பார்த்தேன். பட்டை வெடித்துக் கறுத்த பிசின் வழிந்திருந்தது; பக்கத்தில் கரையான் மண் கோடு. ஜெபத்தின் நடுவே வெளியாள் பேசலாமா? வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "இங்கன நிக்காதீக. கொஞ்சம் தள்ளி வாங்க." சிலர் முறைத்தார்கள். சூசையின் மனைவி மட்டும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வெயிலுக்குப் போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

கிளை எதுவும் விழவில்லை. அந்த மரம் இன்னும் நிற்கிறதாம். நிற்கட்டும். சூசையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான். அடுத்தவர் தலைக்காகப் பயப்பட எனக்கு அதற்கு முன் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சித்திரையிலேயே வாய் திறந்திருப்பேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பேச்சியம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.