ரெஜிஸ்டர் விலகிய மழைநாள்

எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் நான் வேலை பார்த்தபோது, ரெஜிஸ்டர் என்றால் காலையில் கையெழுத்துப் போடும் நோட்டு. போஸ்ட் ஆபீஸில் அது பத்திரமாய்ப் போகும் தபால். எங்கள் தெருவில் வீட்டை விட்டு ஓடிய ஜோடிக்கு அது கல்யாணம். சிவகாசி ஆஃப்செட் பிரஸ்ஸில் தாள் அடுக்கச் சேர்ந்த பிறகு இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நாலு கலரும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதுதான் அங்கே ரெஜிஸ்டர்.

அது விலகியதில் என் வேலை போகப் பார்த்தது. காலண்டர் சீசன். எங்கள் மெஷினில் ஒரு ஓட்டத்துக்கு இரண்டு கலர். முதல் இரண்டை ஓட்டித் தாளை அடுக்கினோம். இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை மிச்சக் கலரை ஏற்றினால், ஓரத்தில் நின்ற மயிலுக்கு இரண்டு அலகு.

மெஷின்மேன் என்னைக் கை காட்டினார். "இந்தப் பொம்பள கோணலா அடுக்கிருக்கா அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

"ஏத்தா, நாளைக்கு லோடு ஏத்தணும். நீ வேற எடம் பாத்துக்க" என்றார் முதலாளி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் கலர் சரியாக இருந்தது. ஓரத்துக்குப் போகப் போகத்தான் விலகல். பட்டாசு ஆலையில் மழைக்காலத்தில் காகிதக் குழாய் ஈரம் குடித்து ஊதிக்கொண்டு, கட்டாய் அடுக்கும் வளையத்துக்குள் அடங்காமல் எங்களைப் பாடாய்ப் படுத்தும். தாளின் குணம் எனக்குத் தெரியாதா?

"அண்ணாச்சி, முதல் ஓட்டத்துல நீங்க பாத்து ஓகே போட்ட தாளு பீரோவுல ஈரம் படாம பிளாஸ்டிக் உறைக்குள்ள கெடக்குல்ல, அத எடுங்க."

அதை அடுக்கிலிருந்த தாளின் மேல் வைத்து ஒரு மூலையைச் சேர்த்தேன். எதிர் மூலையில் அடித்தாள் மயிரிழை வெளியே தெரிந்தது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தார்.

"ஏலே, தாளு வளந்திருக்குலே!"

பத்துப் பத்தாய்ப் பிரித்துக் கயிற்றில் கிளிப் போட்டுக் காயவிட்டோம். குண்டு பல்புகள் எரிந்தன, ஃபேன்கள் ஓடின. மத்தியானத்துக்குள் தாள் பழைய அளவுக்கு இறங்கியது, ஓட்டினோம். ரெஜிஸ்டர் கச்சிதம்! மறுநாள் லோடு நேரத்துக்குக் கிளம்பியது.

"என்னத்தா வேணும், கேளு" என்றார் முதலாளி.

நான் மெஷின்மேனைக் காட்டினேன். "இவுக வாயால எல்லார் முன்னாலயும் தப்புன்னு சொல்லட்டும். பெறகு எனக்கு மெஷின் கத்துக்குடுக்கட்டும்."

மெஷின்மேன் தலையைச் சொறிந்தார். "நான் சொன்னது தப்புதாம்மா" என்றார். அடுத்த சீசனில் அந்த மெஷினை ஓட்டியது நான்.

தங்கச்சிகளே, உங்கள் மேல் பழி விழுந்தால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அளந்து காட்டுங்கள்.