எஞ்சினுக்குக் காற்று

கருகிய ஆயிலும் சுட்ட ரப்பரும் கலந்த வாடை, முழங்கால் இரண்டிலும் விடாமல் அடிக்கும் வெக்கை. பெட்ரோல் டேங்கின்மேல் உட்கார்ந்து ஊர் சுற்றிய என் ஒன்பதாம் வயதில் கோடைக்காலம் என்பது எனக்கு இதுதான்.

அப்பா கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் கேமராவும் விளக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்ததால், இரு பக்கமும் பெட்டி வைத்த, நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். மழைக்காலச் சேறு அம்மாவின் புடவையில் தெறிக்கக் கூடாதென்று, வண்டி சாய்ந்தால் அடிபடாமலிருக்க எஞ்சினுக்கு முன்னாலிருந்த 'கார்டு' கம்பியின் இரு பக்கமும் தகரத் தகடு வெட்டி, நீலப் பெயிண்ட் அடித்து, தன் கையாலேயே மாட்டியிருந்தார். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் வண்டியைக் காட்டுவதற்கு முன் அந்தத் தகட்டைத்தான் காட்டுவார்.

அந்தக் கோடையில் வண்டி 'சூடு புடிக்க' ஆரம்பித்தது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் இழுவை குறையும், உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும், பிறகு நின்றுவிடும். செவிலிமேட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய் மூன்று முறை பார்த்தார். சூட்டை வெளியேற்றும் சிலிண்டர் பட்டைகளுக்கு நடுவே இறுகிக் கிடந்த மண்ணைச் சுரண்டி எடுத்தார், ஆயிலை மாற்றினார், மைலேஜுக்காக அப்பா குறைத்து வைக்கச் சொல்லியிருந்த பெட்ரோலைக் கார்புரேட்டரில் கொஞ்சம் கூட்டினார். ஒவ்வொரு முறையும் தானே வெகுதூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சூடே இல்லப்பா, எடுத்துக்கினு போ" என்பார். வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய கதைதான்.

அம்மா ஒரு தனியார் லேபில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். அரசு வேலைக்கான தேர்வை இரண்டு முறை எழுதித் தவறவிட்டிருந்தார்; வயது வரம்புப்படி அந்த வருடம்தான் கடைசி. தேர்வு மையம் வேலூரில், பத்து மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அன்று பார்த்து வேலைநிறுத்தம், பஸ் ஓடவில்லை. என்னை விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லாததால், மூன்று பேரும் ஆறரை மணிக்கு அந்த வண்டியிலேயே கிளம்பினோம்.

ஊரைத் தாண்டுவதற்குள் சாமி புறப்பாட்டுக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். தாமல் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வண்டி நின்றே விட்டது. அப்பா இளநீர்க் கடைக்காரரிடம் பக்கெட் வாங்கித் தண்ணீர் மொண்டு வந்தார். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"ஊத்தாதீங்க. லேப்ல சூடா இருக்கிற கண்ணாடியில பச்சத்தண்ணி பட்டாலே விரிசல் வுடுது. இதுவும் வுட்டுச்சின்னா இங்கியே உக்கார வேண்டியதுதான்."

அப்பா பக்கெட்டைக் கீழே வைத்தார். அம்மா வண்டியைச் சுற்றி வந்து முன்பக்கமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க, பாய் ஓட்டிப் பாக்கறப்போ இந்தத் தகடு இருக்குமா?"

"அத கழட்டினாத்தானே அவரு வேலையே செய்ய முடியும். நான்தான் வூட்டுக்கு வந்து மாட்டுவேன்" என்ற அப்பா, சொல்லி முடிக்கும்போதே தகட்டைத் திரும்பிப் பார்த்தார். ஓடும்போது எதிரே வரும் காற்றுதான் அந்த எஞ்சினை ஆற்ற வேண்டும். அந்தக் காற்றைத்தான் நீலத் தகடு அத்தனை நாளும் மறித்துக்கொண்டிருந்தது.

"உன் பொடவைக்குன்னுதான் போட்டேன்" என்றார்.

"தெரியுங்க. மொதல்ல கழட்டுங்க, மணி எட்டாவுது."

அப்பா தகடுகளைக் கழற்றினார். எஞ்சின் தானாக ஆறும்வரை புளியமர நிழலில் காத்திருந்தோம். குறிப்புப் புத்தகம் அம்மாவின் மடியில் திறந்தே கிடந்தது. அவர் பார்த்ததென்னவோ கைக்கடிகாரத்தைத்தான். எட்டரைக்குத் தகடுகளை இளநீர்க் கடையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினோம். வாலாஜா வந்தது, ஆற்காடு வந்தது, வண்டி நிற்கவில்லை. வேலூரில் அந்த வாசலில் இறங்கியபோது மூடுவதற்கு ஏழு நிமிடம் இருந்தது.

அம்மாவுக்கு வேலை கிடைத்தது. மாகறலுக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். பல வருடங்கள் அப்பாதான் அந்த வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் வண்டியை ஆற்காட்டுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். பாயின் பட்டறை இருந்த இடத்தில் இன்று சத்தமும் சூடும் இல்லாத பேட்டரி ஸ்கூட்டர்களை விற்கிறார்கள். கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பவர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் அம்மாவிடம், அன்று என்னதான் கேள்வி வந்தது என்று போன வாரம் கேட்டேன். ஒன்றுகூட ஞாபகமில்லையாம். அத்தனை தூரம் வண்டியில் அதிர்ந்துகொண்டே வந்ததில் கை நடுங்கி, முதல் பத்து நிமிடம் பேனா பிடிக்கவே முடியவில்லையாம். மேற்பார்வைக்கு நின்ற அம்மாள் பக்கத்தில் வந்து, "பயமா இருக்குதாம்மா?" என்று கேட்டாராம்.

"இல்ல மேடம், வண்டி நிக்காம வந்துச்சு" என்று அம்மா சொன்னாராம்.