ஒரு நாள் பிந்திய ஊசி

அம்சாவுக்கு முப்பத்தாறு வயது. பிரம்மதேசத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்கு வருவாள். தாளுக்கடியில் பச்சை வெளிச்சம் ஊர்ந்து போகும்போதெல்லாம் அவள் மனம் விழுப்புரத்துக்குப் போய்விடும். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், உறைய வைக்கும் குளிரில், அவளுடைய கரு எட்டு மாதமாகத் தூங்குகிறது. உருவான நான்கில் மூன்று பாதியிலேயே நின்றுவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான். மாசியில் அதற்கு ஐந்து நாள் வயது. இந்த ஐப்பசியிலும் அதே ஐந்து நாள்தான்.

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு முதல் ஊசி, சனிக்கிழமை கருவை உள்ளே வைப்பது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். அவள் கணவன் பச்சைமுத்து காலண்டரைப் பார்த்தான். திங்கள் கரிநாள்.

"மல்லாட்டை விதைக்கவே நாள் பாக்கறோம். ஊசிதானே, ஒரு நாள் தள்ளிப் போட்டா இன்னா?"

தெருக்கோடி நர்ஸ் செவ்வாய்க்கிழமை வந்து போட்டுவிட்டுப் போனாள். சனிக்கிழமை வளர்பிறை முகூர்த்தம் என்பதால் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் அம்சா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழையில் நிரம்பிய ஏரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவின. தண்ணீருக்கடியில் யாரோ கண்ணைத் திறக்கப் போவதுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் லேப் பெண் சகாய பிரியா நீலத் தொப்பியோடு வெளியே வந்தாள்.

"அக்கா, கருவை இன்னும் வெளிய எடுக்கல. அதுக்கு முன்ன ஒருவாட்டி கேட்டுக்கறேன். முதல் ஊசி திங்கள் சாயந்தரம் ஏழு மணி. சரியா?"

"சரிதாம்மா," என்றான் பச்சைமுத்து.

"எதுக்கும்மா மணியெல்லாம் கேக்கற?" என்றாள் அம்சா.

"அந்த ஊசியிலேர்ந்துதான் கர்ப்பப்பைக்கு நாள் கணக்கு. கரு அஞ்சு நாள் வளந்தது. கர்ப்பப்பையும் அஞ்சு நாள் தயாராயிருக்கணும். முன்ன பின்ன ஆனா ஒட்டாம போயிடலாங்க்கா."

பச்சைமுத்து அம்சாவின் கையை அழுத்தி முணுமுணுத்தான். "சொன்னா நாளைக்குன்னுடுவாங்க. நாளைக்கு அஷ்டமி. பேசாம இரு."

அம்சாவுக்குத் திட்டு வாங்கப் பயமில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்றுதான் பயம். கதவு திறக்காத வீட்டு வாசலில், பனி ஈரத்தோடு ஒரு குழந்தை நிற்பதுபோல் கண்ணுக்குள் வந்தது.

"செவ்வாய்க்கிழமைதாம்மா போட்டோம்," என்றாள். "கரிநாளுன்னு தள்ளிட்டோம்."

சகாய பிரியா உள்ளே ஓடினாள். டாக்டரம்மா வந்து ஸ்கேன் பார்த்தார். பச்சைமுத்துவை ஒரு பார்வை பார்த்தார். "கருவை எடுத்திருந்தா இன்னைக்கே வெச்சிருப்போம், ஒட்டாமலே போயிருக்கலாம். நல்லவேளை சொன்னீங்க. நாளைக்கு வாங்க."

"அஷ்டமிங்களே," என்றான் அவன்.

"மணி வேணா நீங்க சொல்லுங்க. நாள் நான்தான் சொல்வேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்பன்னா பன்னெண்டுக்குள்ள வெச்சிடுங்கம்மா. அப்பால எமகண்டம்."

மறுநாள் பதினோரு மணி. ஸ்கேனில் தெளிவாகத் தெரிய, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அம்சா படுத்திருந்தாள். ஸ்கேன் திரையில் விடிகாலை மூட்டம்போல் சாம்பல் நிறம். அதற்குள் வெள்ளையாக ஒரு புள்ளி மிதந்து வந்து நின்றது.

"ஆயிடுச்சுக்கா," என்றாள் சகாய பிரியா. "ஒட்டிச்சான்னு பத்து நாள் கழிச்சு ரத்தம் பாக்கணும். பாத்ரூம் போறதுன்னா போங்க."

"இரும்மா, போறேன்," என்றாள் அம்சா. மூத்திரம் முட்டியது. திரையிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை.