இரவல் கவலைகள்

என் அண்ணிக்குப் பதினாலு வயதில் பள்ளியில் நன்னடத்தைப் பரிசாக ஒரு கோப்பை கொடுத்தார்கள். அந்த வருடம் முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. காலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருந்ததாம். வீட்டில் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்தார்கள், பள்ளியில் மேடையேற்றிக் கைதட்டினார்கள். அந்தக் கோப்பையில் இப்போது துணி மாட்டும் கிளிப்புகள் கிடக்கின்றன.

அண்ணி பதினாறு வருடம் ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்த் தொலைபேசியில் வேலை பார்த்தார். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஆட்கள் அழைப்பார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். கம்பெனி அந்த நாற்காலியில் இயந்திரக் குரலை உட்கார வைத்ததும், நாற்பத்து மூன்று வயதில் ஒரு படிப்பு படித்துப் பிள்ளைகளுக்கான மனநலத் திட்டம் ஒன்றில் சேர்ந்தார்.

திட்டம் எளிமையானதுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுப்பார்கள். மனச்சோர்வு வந்துவிடக்கூடும் என்று விடைகளில் தெரிகிற பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்து வாரம் அவர்களை ஒன்றாக உட்கார வைத்து, மனதைக் குடைகிற நினைப்பு வந்தால் அதை எப்படி விசாரிப்பது, எப்படிச் சமாளிப்பது என்று பழக்க வேண்டும். முற்றிய பிறகு ஓடுவதைவிட முன்னாலேயே பார்த்துக்கொள்வது.

பள்ளியில் பழைய பேண்டு வாத்திய அறையை ஒதுக்கினார்கள். பன்னிரண்டு நாற்காலிகள், ஓட்டை விழுந்த நான்கு டிரம்கள். அண்ணி ஒரு பெட்டி டிஷ்யூ காகிதத்தோடு போனார். வந்த பன்னிரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒன்றரை மணி நேரமும் சிரித்தார்கள். வாய் ஓயாத ஒரு பெண்ணுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வயதுக்கு முன்னால் மீசை வந்த பையனுக்கு மீசை.

“இந்தப் பேப்பர் எதுக்கு மிஸ்? திங்க ஏதாவது தர்றீங்களா?” என்று மீசை கேட்டான்.

அன்று அண்ணி கலங்கிப்போய் வீடு திரும்பினார். “ரொம்ப ஆழத்துல மறைச்சு வச்சிருக்குதுங்க. ஒருத்தர் முகத்துலயும் தெரியல.”

இரண்டு வாரம் பதமாகத் தோண்டியும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வாரம் ரேடியோவின் அம்மாவை வரவழைத்து, வீட்டில் மகள் எப்படி என்று விசாரித்தார். அந்த அம்மா பெருமூச்சு விட்டார். “அவ தூக்கத்துலகூட சிரிக்கிறா. அதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?”

அண்ணிக்குப் பொறி தட்டியது. திட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தார். பட்டியல் போட்ட எழுத்தர் நிதானமாக விளக்கினார். மதிப்பெண் கூடினால் மனபாரம் கூடுதல் என்று அர்த்தம். பட்டியலைச் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை அடுக்கி, மேலிருந்து பன்னிரண்டு பேரை எடுத்திருந்தார்.

“அப்போ பள்ளிக்கூடத்துலயே ரொம்ப சந்தோஷமா இருக்கிற பன்னிரண்டு பேரை எங்கிட்ட அனுப்பியிருக்கீங்க.”

“பட்டியல்னா மேலேருந்துதானே மேடம் எடுப்பாங்க?”

“சரி, கீழே இருக்கிறவங்க பேரைக் குடுங்க.”

“அது ரகசியம் மேடம். உங்க குழுவுல இருக்கிறவங்க பேரை மட்டும்தான் நீங்க பார்க்கலாம். அவங்க உங்க குழுவுல இல்லையே.”

மாற்ற வேண்டுமானால் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். அதுவரை திட்டம் நிற்கக் கூடாது என்று உத்தரவு.

எனவே நான்காம் வாரப் பாடத்தை அண்ணி அதே பன்னிரண்டு பேருக்கு நடத்தினார். மனதைக் குடைகிற ஒரு நினைப்பை எழுதி வர வேண்டும். அது உண்மைதான் என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

“என்கிட்ட அப்படி ஒண்ணும் இல்ல மிஸ்” என்றாள் ரேடியோ. “எங்க சித்தப்பாகிட்ட ஒண்ணு இருக்கு. கேட்டா குடுப்பாரு. வாங்கிட்டு வரட்டுமா?”

வேறு வழியில்லாமல் அண்ணி தலையாட்டினார். யாரைக் கேட்டாலும் அனுமதி பெற வேண்டும், பெயரைச் சொல்லக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். ஒருவருடைய கவலை இன்னொருவர் வாயில் வம்பாகிவிடக் கூடாதே.

சித்தப்பாக்களும் அத்தைகளும் ஒரே வாரத்தில் தீர்ந்துபோனார்கள். பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக இரவல் கேட்கக் கிளம்பினார்கள். “வீட்டுப்பாடத்துக்கு ஒரு கவலை வேணும், இருக்கா? பேர் சொல்ல மாட்டோம்.” இப்படி யாரும் அதுவரை அந்தப் பள்ளியில் கேட்டதில்லை. கொடுத்தார்கள்.

ஆறாம் வாரம் மீசை ஒரு தாளைப் பிரித்துப் படித்தான். ‘நான் வராவிட்டால் வருகைப் பதிவு சீக்கிரம் முடியும். வேறு ஒரு வித்தியாசமும் இருக்காது.’

யாரும் சிரிக்கவில்லை. வழக்கப்படி விசாரணை தொடங்கியது. மீசை கடிகாரத்தைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டுக் காட்டினான். மூன்று விநாடி. “அது உண்மைதான் மிஸ். மிச்சமாகுது.” மாற்று ஆதாரம் ஒவ்வொன்றாக வந்தது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஓரத்து ஆள் வராத அன்று, பெஞ்சு மறுபக்கம் சாய்கிறது. போன மாதம் அப்படித்தான் ஒருத்தி விழுந்தாள். பதினாலு நிமிடம் பேசினார்கள். எழுதியவர் மறுபடி இப்படி நினைத்தால் மிஸ்ஸிடம் நேரில் வரட்டும் என்று சொல்லி அனுப்பினார் அண்ணி.

மறுவாரம் ஓர் ஒல்லிப் பையன் வாசலில் நின்றான். “என் கவலைய யாரோ இங்க எடுத்துட்டு வந்தாங்களாம். அது என்ன ஆச்சு?”

“மூணு செகண்ட் மிச்சங்கிறது நிஜம்” என்றாள் ரேடியோ. “ஆனா பெஞ்சு கவுந்துடும்.”

அவன் சற்று யோசித்தான். “நான் அந்த ஓரத்துலதான் உக்காருவேன்.” உள்ளே வந்தான். நாற்காலி இல்லாததால் டிரம்மின்மேல் உட்கார்ந்தான்.

எட்டாம் வாரத்துக்குள் கவலை கொடுத்தவர்களில் ஏழு பேர் விசாரிக்க வந்து அப்படியே தங்கிவிட்டார்கள். அதே வாரம் அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து தலைகளை எண்ணினார்.

“பன்னிரண்டுதானே அனுமதி? ஏழு பேர் அதிகமா இருக்காங்களே.”

“அவங்க கவலை குடுத்தவங்க சார். என்ன ஆச்சுன்னு பார்க்க வந்திருக்காங்க.”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு அவர் திண்டாடியபோது ரேடியோ மரியாதையாகக் கேட்டாள்: “உங்ககிட்ட ஏதாவது இருக்கா சார்?”

அவர் கதவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “நான் எழுதுற அறிக்கைய யாரும் படிக்கிறதே இல்லைன்னு தோணுது.”

மாற்று ஆதாரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்படியானால் சோதித்துப் பார்க்கலாம் என்றான் ஒல்லிப் பையன். ‘பன்னிரண்டு மாணவர்கள், ஏழு பார்வையாளர்கள், இருபது பேர் வந்தாலும் நல்லது, பார்வையாளர்களுக்கு நாற்காலி தேவை’ என்று மேற்பார்வையாளர் எழுதி அனுப்பினார். ஒரு கேள்வியும் வரவில்லை, அறிக்கை அப்படியே ஏற்கப்பட்டது. அவருக்கு வருத்தம்தான். ஆனால் பார்வையாளர்களுக்கு நாற்காலி வாங்க அனுமதியும் அதிலேயே வந்துவிட்டது.

ஒன்பதாம் வாரம் புதிதாக வந்து உட்கார்ந்த ஒரு பெண் கொடுத்த தாளில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. மற்றவர்கள் அதை விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்கள். அண்ணி விடவில்லை. கூட்டம் முடிந்ததும் அவளைத் தனியாக உட்கார வைத்து, “உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அன்றைக்கே அவளுடைய அம்மாவை அழைத்து, மூவருமாக மருத்துவரிடம் போனார்கள். இது குழுவில் பேசித் தீர்கிற விஷயமில்லை என்று அண்ணிக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்டதால் தன் குடையை அவர்களிடம் கொடுத்துவிட்டு நனைந்தே வீடு வந்தார். இரவு சாப்பிடவில்லை. அண்ணன் கேட்டதற்கு, “கேட்டதும் ஆமான்னுச்சு. அதுவரைக்கும் யாருமே கேக்கல” என்றார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் குடையைத் திருப்பித் தர வீட்டுக்கு வந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். சிகிச்சை நடக்கிறது, பள்ளிக்கும் போகிறாள். உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீ குடித்தாள். கணக்கு ஆசிரியர் எப்படித் தப்புத் தப்பாகக் கூட்டுகிறார், வாங்கிய புது நாற்காலிகளில் எது ஆடுகிறது, எங்கள் வீட்டு நாய்க்கு வைத்த பெயர் ஏன் பொருந்தவில்லை என்று முக்கால் மணி நேரம் குறை சொன்னாள். அண்ணன் மெல்ல எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அவள் போனதும் அண்ணி கதவைச் சாத்தினார்.

“என்னா வாய்” என்றார். முகமெல்லாம் பூரிப்பு.